கழுவக் கூடாத கோட்டு

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று, அவர் முழங்கையிலிருந்து நான் ஊசியால் பொறுக்கி எடுத்த ஜல்லிப் பொடியைக் குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கில் போட்டிருந்தால் சங்கே நிறைந்திருக்கும். விழுந்த இடம் அரக்கோணம் போகிற ரோட்டில் ஒரு வளைவு. குறுக்கே எருமை வந்தது என்றார். எருமையைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும். வேட்டியை மடித்துக் கட்டி, அரைக்கை மல்லுச் சட்டை போட்டுக்கொண்டு பட்டாளத்து வண்டியில் பறந்தால் எருமை வராமல் எது வரும்?

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. அவர் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகும் வேலை பார்த்தவர். திரும்பி வந்தவர் கையில் இருந்ததையெல்லாம் போட்டு, பட்டாளம் கழித்துவிட்ட வண்டி ஒன்றையே வாங்கிக்கொண்டு திருத்தணிக்கு வந்து இறங்கினார். நாங்கள் நெசவுக் குடும்பம். நான் பள்ளிப்பட்டுப் பெண், அங்கேயும் தறிதான், இங்கேயும் தறிதான். இவர் மட்டும் தறியில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்துக்கு ஒரு இழை அறுப்பார். அதனால் அவருக்கு ஏற்ற வேலையை அவரே பிடித்துக்கொண்டார். பள்ளிப்பட்டில் நெய்த துணியை மூட்டையாகக் கட்டி, வண்டியின் பின்னால் வைத்து, அரக்கோணத்து வியாபாரியிடம் ரயிலுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மாட்டு வண்டி ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொள்ளும். இவர் காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்.

விழுந்த பிறகு இருபது நாள் படுக்கை. புண் ஆறி எழுந்ததும் முதல் வேலையாகத் துணி எடுத்து வண்டியைத் துடைக்கப் போனார். எனக்கு வந்ததே ஆத்திரம். அப்போது பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அந்தக் கூப்பன்களை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வண்டிய ஓட்டாம நான் இன்னா பண்ணுவேன்?"

"தறியில உக்காருங்க."

"அமாவாசைக்கு அப்பால வேற ஆள வச்சிக்கறேன்னு வியாபாரி சொல்லிகினு இருக்கான். தெரியுமா?"

"தெரியும். உங்க தோலு எனக்கு வேணும். அத மூடறதுக்கு நல்லதா ஒண்ணு வாங்குங்க, கூப்பனத் தர்றேன். நல்லதா கெட்டதான்னு நான்தான் பாப்பேன்."

நான்தான் பார்ப்பேன் என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். துணி பார்ப்பதில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர். கல்யாணத்துக்குப் புடவை எடுத்து வருகிறவர்கள் எங்கள் வீட்டில் ஒரு நடை காட்டிவிட்டுத்தான் போவார்கள். எங்கள் தொழிலில் ஒரு ஏமாற்று உண்டு. நெருக்கமாக நெய்யாமல் இழையை மிச்சம் பிடித்துவிட்டு, அந்த ஓட்டையெல்லாம் தெரியாமல் இருக்கக் கஞ்சியை அப்பிவிடுவார்கள். கடையில் பார்த்தால் புடவை மொடமொடவென்று நிற்கும், கைக்கும் கனமாக இருக்கும். வீட்டில் ஒரு தண்ணீரில் போட்டு எடுத்தால் கொசுவலை. அதனால் துணியைக் கையில் வாங்கியதும் இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பேன். மாவு உதிர்ந்தால் கஞ்சி. விரலில் ஒட்டினால் இன்னும் கெட்ட கஞ்சி. எந்தத் துணியானாலும் கஞ்சியை எடுத்துப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும் என்பது எனக்கு வேதம் மாதிரி.

அரக்கோணத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பட்டாளத்துப் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பூட்ஸ், கூடாரத் துணி, தண்ணீர்ப் புட்டி, இரும்புத் தொப்பி எல்லாம் மலை மலையாகக் கிடந்தன. நானும் அவரும் பாசஞ்சர் வண்டியில் போய் இறங்கினோம். கடைக்காரர் பெரிய மீசைக்காரர், அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான்.

"வாங்கம்மா. எல்லாம் அசல் மால். எது வோணும்?"

"வண்டியிலேந்து விழறவருக்கு ஒரு கோட்டு."

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். கடைக்காரர் சிரிக்காமல் ஒரு தோல் கோட்டை எடுத்து உதறினார். கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. இவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவினார். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆனால் நான் வந்தது மாப்பிள்ளை பார்க்க இல்லையே. கழற்றச் சொல்லி, உட்புறத்தை வெளியே திருப்பினேன். எந்தத் துணிக்கும் மேல்பக்கம் கடைக்காரனுக்கு, உள்பக்கம் நமக்கு. அக்குளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. தையலில் நகத்தைக் கொடுத்து லேசாக நெம்பினேன், நூல் பொட்டென்று போயிற்று. கழுத்துப் பட்டியை மடித்துப் பார்த்தால் தோலில் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு.

"இது பாருங்க, நீங்க விழுந்தீங்கன்னா உங்கள விட்டுட்டு இது தனியா ஓடிடும்" என்றேன்.

அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் அவரும் ஒரு வேலை செய்தார், அது எனக்குத் தோன்றவே தோன்றாத வேலை. அங்கே கிடந்த ஒரு மரப்பெட்டியின் மேல் கோட்டோடு உட்கார்ந்து, வண்டியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். கோட்டு முதுகில் மேலே ஏறிக்கொண்டது. மணிக்கட்டில் நாலு விரற்கடை வெறும் கை தெரிந்தது.

"நின்னா ராஜா, உக்காந்தா பிச்சைக்காரன்" என்று சொல்லி அவரே கழற்றிப் போட்டார். புடவை கட்டுகிறவள் நின்றபடியே அழகு பார்ப்பாள். வண்டி ஓட்டுகிறவனுக்கு உட்கார்ந்தபடி அளவு பார்க்க வேண்டும். அன்று அது எனக்குப் புரிந்தது, ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் கடைக்காரர் உள்ளே போய், மடித்து வைத்திருந்த இன்னொரு கோட்டைக் கொண்டுவந்தார். அது தோல் இல்லை, துணி. பாசி நிறத்தில், தொடை வரைக்கும் வருகிற நீளம். அதைத் தரையில் வைத்தால் தானாக நிற்கும் போல அப்படி ஒரு விறைப்பு. தையல் எல்லாம் இரட்டைத் தையல். முழங்கையில் துணி மேல் துணி வைத்துத் தைத்திருந்தது. காற்று புகாமல் கழுத்தில் ஒரு மடிப்பு, மணிக்கட்டில் இழுத்துக் கட்ட ஒரு பட்டி. இவர் பெட்டி மேல் உட்கார்ந்து கையை நீட்டினார், ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. நான் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்திப் பார்த்தேன். ஊக்கு வளைந்தது. இவ்வளவு நெருக்கமான நெசவை நான் அதுவரை பார்த்ததில்லை. நெய்தவன் காலில் விழுந்து கும்பிடலாம் என்று தோன்றியது.

பிறகு, பழக்கதோஷம், இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். விரல் ஒட்டியது.

"இன்னாங்க இது, இம்மாம் கஞ்சி?"

"கஞ்சி இல்லம்மா. அது அப்படியேதான் வரும். ஒண்ணே ஒண்ணு, அதக் கழுவக் கூடாது."

கழுவக் கூடாது என்று சொல்கிற துணிக்காரனை நான் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். திருடன் தானாக வந்து வாக்குமூலம் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆங், அது சரிதான். பட்டாளத்துல நாங்க யாரும் இதத் துவைச்சதில்ல" என்றார்.

"நீங்க எதத்தான் துவைச்சீங்க? ஏன் துவைக்கக் கூடாதாம்?"

"பட்டாளத்துல ஏன்னு கேக்கக் கூடாது."

நெசவு நல்ல நெசவு, அதனால் வாங்கலாம். கஞ்சி ஏமாற்றுக் கஞ்சி, அதை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இப்படி மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு, சரி என்று தலையாட்டினேன். அவர் ரயிலில் வரும்போது அந்த ஆனி மாசத்து வெயிலிலும் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் கிருத்திகை. கை ஆறினால் மொட்டை போடுவதாக மலைக்கு வேண்டிக்கொண்டிருந்தார். காலையிலேயே படியேறப் போய்விட்டார். வீட்டில் நானும் அவருடைய அக்காவும். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு மேல் பத்து வயது, எனக்கு மேல் துணிப் பைத்தியம். கோட்டை அண்ணியிடம் காட்டி, "விரல வச்சிப் பாருங்க" என்றேன். வைத்தார், ஒட்டியது.

"அடப்பாவி, பசையே பூசியிருக்கான்டி!"

பேச்சே இல்லை. நூல் வேக வைக்கிற பெரிய செப்பு அண்டாவை அடுப்பில் ஏற்றினோம். தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி சோடா உப்பைப் போட்டு, கோட்டை உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் கட்டையால் மாற்றி மாற்றி அமுக்கினோம். கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சளாக மிதந்து வர ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா அண்ணி, எம்மாங் கஞ்சி!"

"அந்த மீசக்காரன இங்க இட்டுகினு வந்து காட்டணும்டி."

அண்ணி கரண்டியால் மேலாக வழித்து ஒரு சட்டியில் ஊற்ற ஊற்ற, அது வந்துகொண்டே இருந்தது. கோட்டைப் பிழிந்து, அலசி, கொடியில் போட்டேன். என்ன மெத்தென்று இருந்தது தெரியுமா! நெசவு பளிச்சென்று எழுந்து வந்துவிட்டது. கொசுவலை ஆகவில்லை, ஒரு இழை விலகவில்லை. இப்போதுதான் இது துணி என்று அதைத் தடவிக்கொடுத்தேன். அந்தப் பெருமையோடு உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக் கை கழுவப் போன அண்ணி, சட்டியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடி இது, கஞ்சி அடை மாதிரி கட்டிகினு இருக்குது?"

போய்ப் பார்த்தேன். ஆறின கஞ்சி கொழகொழவென்றுதான் இருக்கும். இது விளிம்பில் தட்டினால் துண்டாக உடைந்தது. ஒரு துண்டை உள்ளங்கையில் தேய்த்தேன். பளபளத்தது. அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே போயிற்று.

மெழுகு.

மழையும் ஈரமும் உள்ளே வராமல் இருக்க, நெய்த துணிக்கு மெழுகு ஊட்டியிருக்கிறார்கள். அந்த விறைப்பும் அதுதான், ஊக்கை வளைத்த கெட்டியும் பாதி அதுதான். கழுவக் கூடாது என்று அந்த மனுஷர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். அதைப் போய் வெந்நீரில் போட்டு, சோடா உப்பும் போட்டு, கட்டையால் வேறு குத்தியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கையில் பிரசாதத்தோடு வந்தார். கொடியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து கோட்டின் தோளில் ஊற்றினார். தண்ணீர் நேராக உள்ளே இறங்கி அவர் காலிலேயே கொட்டியது.

"ஒரு யுத்தத்தையே தாங்கின கோட்டு. உங்கிட்ட ஒரு பகல் தாங்கல" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மொட்டைத் தலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அண்ணியும் சேர்ந்துகொண்டார், தானும் கட்டை பிடித்ததையே மறந்துவிட்டு. எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். சிரிக்கிறவரிடம் என்ன சொல்வது? அமாவாசைக்கு மூன்று நாள்தான் இருந்தது. கடையில் அந்த மாதிரி கோட்டு வேறு இல்லை. கோட்டு இல்லாமல் கூப்பன் தரமாட்டேன் என்று சொன்னவளும் நான், கோட்டைக் கெடுத்தவளும் நான். என்னால் அவர் மறுபடியும் அரைக்கைச் சட்டையில் போய் விழுந்துவைத்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்து வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டுக்காரர்கள் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். பாவு என்றால் தறியில் ஏற்றுகிற நீள நூல். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, விடியற்காலையில் வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் இழுத்து இழுத்து உலர்த்த வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கைகொடுக்கும், எங்கள் வழக்கம் அது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்றது. கஞ்சியை எடுக்கத் தெரிந்தவளுக்குப் போடவும் தெரியுமே! எடுத்த மெழுகு எங்கேயும் ஓடிப்போகவில்லையே, சட்டியில்தானே இருக்கிறது.

முதலில் ஊசியை எடுத்தேன். மெழுகு இருந்தபோது ஊக்கையே வளைத்த துணி, இப்போது ஊசிக்கு இடம் கொடுத்தது. கழுவியதில் அந்த ஒரு லாபம். இரண்டு முழங்கையிலும் இரண்டு தோளிலும் பழைய ஜமுக்காளத்தை வெட்டி வைத்து, அதற்கு மேல் அவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்திருந்த கூடாரத் துணி வைத்து, நெருக்கி நெருக்கித் தைத்தேன். ஒரு பகல் முழுக்க அதற்கே போயிற்று. சட்டி மெழுகு போதவில்லை. தேன் விற்க வருகிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கிச் சேர்த்தோம். காய்ந்ததும் வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டது அண்ணியின் யோசனை.

அடுத்த நாள் விடியற்காலையில் கோட்டின் கைகளுக்குள் மூங்கிலை நுழைத்து, தெரு நடுவில் பாவுக் கட்டைகளில் இழுத்துக் கட்டினேன். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றது. தெரு முழுக்க வந்துவிட்டது. மெழுகுச் சட்டி ஆறாமல் ஒருவர் தணல் பிடிக்க, பழைய பாவு பிரஷ்ஷால் நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம் தடவினோம். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை மேலே காட்டிக் காட்டி மெழுகை உள்ளே இறக்கினார் இவர். யோசனை சொல்லாதவர்கள் பாக்கி இல்லை. முழங்கையில் இன்னொரு பூச்சு பூசச் சொல்லி ஏழு பேராவது சொல்லியிருப்பார்கள். பூசினேன்.

வெயில் ஏறியதும் எல்லோரும் பார்க்க அவர் கையில் செம்பைக் கொடுத்தேன். ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தெருவில் விழுந்தது. எதிர் வீட்டுக்காரர் தன் பாவு ஏறியதுபோலக் கைதட்டினார். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு கூப்பனை எடுத்துவந்து நீட்டினேன்.

"ஒண்ணுதானா?"

"முழுசாத் திரும்பி வாங்க, அடுத்தது."

அமாவாசைக்கு முதல்நாள் அவர் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினார். வேலை நிலைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு நடைக்கும் ஒரு கூப்பன், திரும்பி வந்ததும் கையைக் காலைப் பார்த்துவிட்டு அடுத்த கூப்பன். ரேஷன் கடைக்காரி என்று எனக்குப் பேர் வைத்தார்.

ஆவணியில் ஒரு நாள் சரியான மழை. காலைச் சாப்பாட்டுக்கு வருகிறவர் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்தது. அண்ணி பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், எனக்குக் காதிலேயே விழவில்லை. கடைசியில் தெருமுனையில் தெரிந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் சேறு.

"அதே வளைவு. இந்தத் தடவ எருமை கெடையாது, சேறு" என்றார்.

நான் ஓடிப்போய் அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பினேன். கூடாரத் துணி தேய்ந்து அடியோடு போயிருந்தது. அதன் கீழே ஜமுக்காளம் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. அதையும் விலக்கினேன். கோட்டின் சொந்தத் துணி, மெழுகோடு, அப்படியே இருந்தது. ஒரு இழை கிளம்பவில்லை.

"ஒண்ணு போச்சு. ரெண்டு பாதி போச்சு. மூணாவது நிக்குது! அண்ணி, மூணாவது நிக்குது பாருங்க!"

"துணியப் பாத்தது போதும்மே. உள்ள ஒரு ஆளு கீறான், அவனையும் கொஞ்சம் பாரு" என்றார் இவர்.

பொத்தானைக் கழற்றிக் கையை வெளியே இழுத்தேன். கை ஈரமே படாமல் காய்ந்து கிடந்தது. பழைய தழும்பு இருந்தது, அதன் மேல் புதுசாக ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். அழுதுகொண்டே அவர் முதுகில் இரண்டு அடியும் வைத்தேன். நான் தைத்தது, நான் கெடுத்தது, நான் திரும்ப மெழுகு ஊட்டியது, எல்லாம் சேர்ந்து இந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம், அதற்கப்புறம் எந்தப் புடவையைப் பார்த்தும் வந்ததில்லை.

அப்போது அண்ணி கேட்டார். "ஏன்டா, கால்ல இன்னாடா ரத்தம்?"

குனிந்து பார்த்தோம். வேட்டி கிழிந்து முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. கோட்டுக்கு இத்தனை பாடுபட்டோமே, வண்டியிலிருந்து விழுகிறவனுக்குக் கால் என்று ஒன்று இருக்கிறதே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் விடுவிடுவென்று உள்ளே போனேன். கூப்பனை மறுபடி பூட்டத்தான் போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார், பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்து, இருந்த கூப்பன் அத்தனையையும் கட்டோடு எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நான்தான் பாப்பேன்னேன், கால எனக்கே தெரியல. இனிமே நீங்களே வச்சிக்கோங்க. புண்ணு ஆறட்டும், அரக்கோணம் போலாம். கால்சட்டை வாங்கணும்."

போனோம். மீசைக்காரக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அதே பாசி நிறத்தில் ஒரு கால்சட்டையை எடுத்து என் முன்னால் விரித்தார். விறைப்பாக நின்றது. என் கட்டைவிரல் இரண்டும் தானாக முன்னால் போயின. இழுத்துக்கொண்டேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவரைக் கேட்டேன்.

"ஐயா, இத இன்னா பண்ணக் கூடாது, அத மொதல்ல சொல்லுங்க."